21 ஆண்டு மின்மடல்களை வழங்கிக்கு மாற்றியபோது நான் இழந்தவையும் அறிந்தவையும்

கரூரில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய துணி ஏற்றுமதி நிறுவனத்தின் மின்மடல்கள் அனைத்தும் 2022 மார்ச் மாதம் வரை அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு மேசைக் கணினிக்குள்தான் இருந்தன. சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேசைவிரிப்பு ஆகியவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் எங்கள் தொழிலில் ஆர்டர், லேப் டிப் எனப்படும் சாய மாதிரிக்கான ஒப்புதல், அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட வேண்டிய குறியீடு, பேக்கிங் மாற்றம் என எல்லாமே மடலில்தான் பேசி முடிக்கப்படுகின்றன. அப்பா 2001இல் தொடங்கிய அந்தச் சேமிப்பு, நான் பொறுப்பேற்ற பிறகு சுமார் 61,000 மடல்களாகவும் 9.4 ஜிபி அளவுள்ளதாகவும் வளர்ந்திருந்தது. அதை மின்மடல் வழங்கிக்கு, அதாவது மடல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் சர்வருக்கு, மாற்ற ஒரு சனி, ஞாயிறு போதும் என்று எண்ணி இறங்கினேன். ஏழு வாரங்கள் ஆயின. கையிலிருந்து 20,500 ரூபாய் செலவாயிற்று, 744 மடல்கள் வட்டிலிருந்து மீளாமலே போயின, அவற்றுள் ஒன்று இல்லாததால் பின்னர் ஏறத்தாழ 1,80,000 ரூபாய் இழந்தோம். தொடங்குவதற்கு முன் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் இவற்றில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது. அந்த அரை மணி நேரப் பேச்சை இப்போது நான் எழுதுகிறேன்.

மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம், அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பிப்ரவரியில் தட்டுவது போல ஒலி எழுப்பத் தொடங்கியதுதான். அது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கரிடம் கேட்டபோது, மடல்கள் எப்படியும் இணையத்தில் இருக்குமே என்று அவர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று மாலை கைப்பேசியிலிருந்து எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தபோது, அன்று காலைக்குப் பின் வந்த மூன்று மடல்கள் மட்டுமே அங்கே இருந்தன. அப்பா காலத்தில் எங்கள் வலைத்தள நிறுவனம் ஒரு கணக்குக்கு 50 எம்பி இடம்தான் கொடுத்திருந்தது. அதனால் கணக்கு பாப்3 முறையில், அதுவும் வழங்கியில் நகல் விடாமல், அமைக்கப்பட்டிருந்தது. பாப்3 என்பது வந்த மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்வதற்கான முறை. நகலை விட்டுவை என்று நாம் சொல்லாவிட்டால், இறக்கியவுடன் வழங்கியிலிருந்து நீக்கிவிடும். ஐமேப் முறையில் மடல்கள் வழங்கியிலேயே இருக்கும். கணினியும் கைப்பேசியும் அங்குள்ளதைக் காட்டும். உங்கள் கணக்கு எந்த முறையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள மடல் மென்பொருளின் கணக்கு அமைப்புகளில் 'போர்ட்' என்பதற்கு எதிரே உள்ள எண்ணைப் பார்த்தால் போதும். 110 அல்லது 995 என்றிருந்தால் பாப்3; 143 அல்லது 993 என்றிருந்தால் ஐமேப். இதை இன்றே பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

எனக்கு இதில் பயிற்சி இல்லாததால் முதலில் கணினி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். 20 ஜிபி இடமுள்ள புதிய ஐமேப் கணக்கை வாங்கிவைத்து, பழைய மடல்களை அதில் ஏற்றித் தரும்படி கேட்டேன். 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கணினியை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, "எல்லாம் ஏத்தியாச்சுங்க மேடம்" என்று தந்தார். மடல்கள் இருந்தன. ஆனால் கைப்பேசியில் திறந்தால் 2009ஆம் ஆண்டு மடலும் 2020ஆம் ஆண்டு மடலும் 2022 மார்ச் 9 என்ற ஒரே தேதியோடு கலந்து நின்றன. எந்த வரிசையும் இல்லாத 61,000 மடல்கள் எங்களுக்கு எந்தப் பயனும் தராது. ஒவ்வொரு மடலுக்கும் இரண்டு தேதிகள் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அனுப்பியவரின் கணினி மடலின் தலைப்பகுதிக்குள் எழுதிவைத்த தேதி ஒன்று. அந்த மடல் வழங்கிக்குள் வந்து சேர்ந்ததாக வழங்கி தனியே குறித்துக்கொள்ளும் தேதி மற்றொன்று. ஐமேப் வழியாக ஒரு மடலை ஏற்றும்போது இந்த இரண்டாவது தேதியையும் சேர்த்து அனுப்ப முடியும். ஏற்றும் நிரல் அதை அனுப்பாவிட்டால், வழங்கி ஏற்றப்பட்ட நேரத்தையே வந்த நேரமாகக் குறித்துக்கொள்ளும். கைப்பேசிச் செயலிகள் பலவும் வரிசைப்படுத்த அந்தத் தேதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், பழைய மடல்கள் பத்தை மட்டும் முதலில் ஏற்றச் சொல்லி, அவை கைப்பேசியில் தம் பழைய தேதியோடு நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு மீதியைக் கொடுங்கள். நான் அவ்வாறு செய்யாததால் ஏற்றிய அனைத்தையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

மீண்டும் அவரிடம் போக மனம் வரவில்லை. எங்கள் மடல்கள் 2008 முதல் தண்டர்பேர்ட் என்னும் மடல் மென்பொருளில் இருந்தன. அதே மென்பொருளில் புதிய ஐமேப் கணக்கையும் சேர்த்துவிட்டால், இடப்பக்கத்தில் உள்ளூர் (கணினியிலேயே உள்ள) கோப்புறைகளும் வழங்கியின் கோப்புறைகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும், அங்கிருந்து இங்கே மடல்களை எடுத்துப் போட்டால் வழங்கிக்குப் போய்ச் சேரும் என்று அறிந்துகொண்டேன். பத்து மடல்களை வைத்துப் பார்த்தேன். தேதியும் மடலோடு இணைத்த கோப்புகளும் சரியாக வந்தன. வழி இதுதான் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. நான் செய்த பிழை வேறிடத்தில் இருந்தது. வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் 'நகர்த்து', 'நகலெடு' என்று இரண்டும் இருந்தன. ஏற்ற ஏற்ற உள்ளூர்க் கோப்புறை காலியாகிக்கொண்டே வந்தால் எவ்வளவு மீதி என்பது கண்ணுக்குத் தெரியும், எதையும் இருமுறை ஏற்ற மாட்டோம் என்று எண்ணி 'நகர்த்து' என்பதையே தேர்ந்தெடுத்தேன். அந்த எண்ணம் எனக்கு மிகவும் ஒழுங்கானதாகத் தோன்றியது. இன்று யார் இந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் நான் சொல்லும் முதல் சொல் 'நகலெடு' என்பதுதான்.

மார்ச் 15ஆம் தேதி இரவு, '2021 ஷிப்மெண்ட்' கோப்புறையில் இருந்த 1,874 மடல்களையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து நகர்த்தக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒன்பதரை மணிக்கு மின்சாரம் நின்றது. கணினிக்கு யுபிஎஸ் இருந்தது; மோடத்துக்கு இல்லை. மின்சாரம் வந்து மீண்டும் இணைத்துப் பார்த்தபோது உள்ளூர்க் கோப்புறை காலியாக இருந்தது. வழங்கியின் கோப்புறையில் பட்டியல் தெரிந்தது, ஆனால் பல மடல்களைத் திறந்தால் உள்ளே வெறுமையாக இருந்தது. சற்று நேரத்தில் பட்டியலும் புதுப்பிக்கப்பட்டு அந்த வரிகளும் மறைந்தன. கை நடுங்கியது. மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று மூடித் திறந்தேன். அப்போது ஒரு சிறு பெட்டி தோன்றி, கோப்புறைகளைச் சுருக்கினால் வட்டில் இவ்வளவு இடம் மிச்சமாகும், செய்யட்டுமா என்று கேட்டது. இதே பெட்டியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து 'ஆம்' என்று அழுத்திய பழக்கத்தில் அன்றும் அழுத்தினேன். அந்த ஒரு சொடுக்கில்தான் மடல்கள் உண்மையாகவே போயின.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் இது தெரிந்திருந்தால் அன்றிரவே எல்லாவற்றையும் மீட்டிருப்பேன். தண்டர்பேர்ட் தன் வழக்கமான அமைப்பில் ஒரு கோப்புறையை ஒரே நீளமான கோப்பாக வைத்திருக்கிறது. எம்பாக்ஸ் என்று அதற்குப் பெயர். மடல்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். நாம் ஒரு மடலை நீக்கினாலும் நகர்த்தினாலும் அது அந்தக் கோப்பிலிருந்து உடனே அழிக்கப்படுவதில்லை. அதன் தலைப்பகுதியில் உள்ள 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்னும் வரியில் 'நீக்கப்பட்டது' என்ற அடையாளம் மட்டும் இடப்படுகிறது. பட்டியலில் தெரியாதே தவிர, எழுத்தெல்லாம் கோப்புக்குள் அப்படியே இருக்கும். கோப்புறையைச் சுருக்கும்போதுதான் அந்த அடையாளமுள்ள மடல்களை விட்டுவிட்டுக் கோப்பு புதிதாக எழுதப்படுகிறது. ஆகவே மடல் காணாமல் போனால் முதலில் செய்ய வேண்டியது, மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுப்பது. எந்தப் பெட்டி எதைக் கேட்டாலும் 'ஆம்' சொல்லக் கூடாது. அடையாளத்தை மாற்றி மடலை மீட்பது அதன் பிறகு சாதாரண வேலை. இதற்கு மறுபக்கமும் உண்டு: சுருக்கப்படாத எம்பாக்ஸ் கோப்பை வேறொரு நிரலிடம் நேரடியாகக் கொடுத்தால், பல ஆண்டுகளுக்கு முன் நீங்கள் நீக்கிய மடல்களெல்லாம் உயிர்பெற்று வந்து நிற்கும். எனவே காப்பு நகல் எடுத்த பின், ஏற்றுவதற்கு முன், சுருக்கிவிடுவது நல்லது. அந்த வரிசை மாறக் கூடாது.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கோயம்புத்தூரில் தரவு மீட்கும் ஒரு கடைக்குப் போனேன். 14,000 ரூபாய், பதினோரு நாள். பழைய கோப்பின் துண்டுகளிலிருந்து 1,130 மடல்கள் கிடைத்தன, 744 கிடைக்கவில்லை. மடல்கள் காணாமல் போனதற்கும் கடையில் கொடுத்ததற்கும் இடையில் அந்தக் கணினியை நான் அரை நாள் இயக்கிக்கொண்டே இருந்தேன், அதில் புதிய கோப்புகள் பழைய இடத்தின் மேல் எழுதப்பட்டிருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். உடனே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பேருந்தில் திரும்பி வரும்போது அண்ணனிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஜூன் மாதத்தில் ஒரு பையர் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்), 2021 செப்டம்பர் ஷிப்மெண்டில் அட்டைப்பெட்டிக் குறியீடு ஒப்பந்தப்படி இல்லை என்று 2,340 டாலரை எங்கள் கணக்கில் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் அனுப்பினார். குறியீட்டை மாற்றச் சொல்லி அவர்கள் தரப்பிலிருந்தே மடல் வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த மடலை எழுதியவர் அவர்களிடமிருந்து விலகிப் போயிருந்தார். சான்று இருந்தால் அனுப்புங்கள் என்று மட்டும் பதில் வந்தது. அது அந்த 744க்குள் இருந்தது. தொகையை ஏற்றுக்கொண்டோம். அன்று அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டாம் முறை தொடங்கியபோது நான் எடுத்த முதல் அடி, தண்டர்பேர்டை மூடிவிட்டு மடல்களும் அமைப்புகளும் இருக்கும் அதன் புரொஃபைல் கோப்புறையை முழுவதாக இரண்டு வெளி வட்டுகளுக்கு நகலெடுத்ததுதான். மென்பொருள் திறந்திருக்கும்போது எடுக்கும் நகலை நம்ப முடியாது, ஏனெனில் கோப்புகள் அந்த நேரத்திலும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு வட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். பிறகு ஒரு நோட்டில் 38 கோப்புறைகளின் பெயரையும் ஒவ்வொன்றிலும் உள்ள மடல்களின் எண்ணிக்கையையும் எழுதினேன். கணினியில் எழுதாமல் கையால் எழுதியது வேண்டுமென்றேதான். ஒரு கோப்புறை முடிந்து எண்ணிக்கை ஒத்துவந்த பிறகு பேனாவால் கோடிடும்போது கிடைத்த நிம்மதி அந்த மாதத்தில் எனக்குத் தேவைப்பட்டது.

கோப்புறைப் பெயர்களில் ஒரு சிக்கல் காத்திருந்தது. அப்பா கோப்புறைகளுக்கு '2006.07' என்பது போல நிதியாண்டைப் புள்ளியிட்டுப் பெயரிட்டிருந்தார். பல வழங்கிகளில் கோப்புறைக்குள் கோப்புறை என்பதைக் குறிக்கப் புள்ளியோ சாய்கோடோ பயன்படுகிறது. புள்ளியைப் பயன்படுத்தும் எங்கள் வழங்கி '2006.07' என்பதை '2006' என்ற கோப்புறைக்குள் '07' என்று எடுத்துக்கொண்டது. எனவே ஏற்றும் முன் எல்லாவற்றையும் '2006-07' என மாற்றினேன். தமிழ்ப் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. ஐமேப் அவற்றைத் தனக்கே உரிய ஒரு குறியாக்கத்தில் எழுதிக்கொள்ளும்; வலைத்தள நிறுவனத்தின் கோப்பு மேலாளரில் பார்த்தால் '&' குறியில் தொடங்கும் புரியாத எழுத்துத் தொடராகத் தெரியும், மடல் மென்பொருளில் தமிழாகவே தெரியும். அதைப் பிழை என்று எண்ணி அங்கே போய்ப் பெயர் மாற்றிவிடாதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் நான் தவறாகக் கணித்திருந்தேன். இணைய இணைப்பு வாங்கும்போது நமக்குச் சொல்லப்படும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம். இங்கே நமக்கு வேண்டியது ஏற்றும் வேகம். எங்கள் பழைய இணைப்பில் அது நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே. 9.4 ஜிபி என்பது 75,000 மெகாபிட்டுக்கும் மேல். தடையே இல்லாமல் ஓடினாலும் 21 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு மடலுக்கும் கணினியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால், உண்மையில் எட்டு இரவுகள் ஆயின. நீங்கள் ஜிமெயிலுக்கு ஏற்றுவதாக இருந்தால், ஐமேப் வழியே ஒரு நாளைக்கு 500 எம்பிக்கு மேல் ஏற்ற அது விடுவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எங்கள் அளவுக்கு அது பத்தொன்பது நாள் வேலை. ஐந்நூறு ஐந்நூறாகத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தேன். இடையில் அறுந்தால், எங்கே நின்றது என்று தேடி அங்கிருந்து தொடர முயலவில்லை. வழங்கியில் போய்ச் சேர்ந்த அந்தத் தொகுதியை முழுவதும் நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றினேன். உள்ளூரில் மூலம் அப்படியே இருந்ததால் அச்சமின்றி அதைச் செய்ய முடிந்தது. மோடத்துக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கினேன்.

நான்காம் இரவில், 2013ஆம் ஆண்டுக் கோப்புறை முழுவதும் திடீரென்று காலியாகத் தெரிந்தது. முன்போல நிலைகுலையாமல், மென்பொருளை மூடிவிட்டுத் தேடினேன். வைரஸ் தடுப்பு நிரல், ஏதோ ஒரு மடலின் இணைப்பில் பழைய வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்த ஒரு மடல் இருந்த எம்பாக்ஸ் கோப்பு முழுவதையும் தனியே பிரித்துப் பூட்டிவைத்திருந்தது. அதற்குத் தெரிந்தது ஒரு கோப்பு. நமக்கு அது 2,000 மடல்கள். கோப்பை விடுவித்து, தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறையை அந்த நிரலின் விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். வழங்கியின் பக்கத்திலும் ஓர் எண்ணிக்கை உண்டு. மெயில்டிர் முறையில் சேமிக்கும் வழங்கிகளில் ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பு. ஒரே வழங்கியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் மலிவான திட்டங்களில் எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை கோப்புகள் என்பதற்கும் வரம்பு வைத்திருப்பார்கள். நல்லவேளையாக எங்கள் திட்டத்தில் 61,000 கோப்புகள் அடங்கின. நான் இதைப் பணம் கட்டும் முன் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்.

எண்ணிக்கை ஒத்துவந்தால் மட்டும் போதாது என்பதை மார்ச் 15ஆம் தேதி எனக்குக் கற்றுத்தந்திருந்தது. ஒவ்வொரு கோப்புறையிலும் மிகப் பழையது, மிகப் புதியது, அளவில் மிகப் பெரியது ஆகியவற்றோடு ஐந்தாறு மடல்களை ஆங்காங்கே எடுத்து, அலுவலகக் கணினியில் அல்லாமல் கைப்பேசியில் திறந்து, இணைத்த கோப்பையும் திறந்து பார்த்தேன். கணினியில் திறந்தால், முன்பே அங்கே இருக்கும் நகலைக் காட்டிவிடக்கூடும். பிறகு இரண்டு அமைப்புகளை மாற்றினேன். அவற்றையும் உரிய நேரத்தில் மாற்றவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, அனுப்பும் மடலின் நகல் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்ற அமைப்பு. எங்கள் பழைய கணக்கின் அமைப்பு அப்படியே தொடர்ந்ததால், மூன்று வாரம் நாங்கள் அனுப்பிய பதில்களெல்லாம் உள்ளூர்க் கோப்புறையிலேயே சேர்ந்துகொண்டிருந்தன. மற்றொன்று இதைவிடக் கடுமையானது. யூனிட்டில் இருந்த ஒரு பழைய மடிக்கணினியில் இதே முகவரி பாப்3 முறையில் அமைக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் அங்குள்ள உதவியாளர் அதை இயக்கியவுடன், அது வழங்கியின் இன்பாக்ஸில் இருந்தவற்றையெல்லாம் இறக்கிக்கொண்டு அங்கிருந்து நீக்கிவிட்டது. "அக்கா, இதுலதான் எல்லா மெயிலும் வந்திருக்குதுங்களே" என்று அவர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பாப்3 இன்பாக்ஸை மட்டுமே தொடும். மற்ற கோப்புறைகள் தப்பின. மாற்றம் முடிந்தவுடன் பழைய பாப்3 கணக்குகளை எல்லாக் கருவிகளிலும் தேடி நீக்கிவிடுங்கள். கடவுச்சொல்லையே மாற்றிவிடுவது இன்னும் உறுதி.

கடைசியாக அப்பாவின் மடல்கள். அவர் 2001 முதல் 2008 வரை பயன்படுத்திய கணினி வீட்டுப் பரணில் இருந்தது. அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அது ஒவ்வொரு கோப்புறையையும் ஒரு டிபிஎக்ஸ் கோப்பாக, பயனரின் மறைந்த கோப்புறைகளுக்குள் ஆழத்தில் வைத்திருக்கும். அலுவல் மடல்களை மட்டும் 2008இல் தண்டர்பேர்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். சிங்கப்பூரில் இருந்த சித்தப்பாவோடு அப்பா நடத்திய கடிதப் போக்குவரத்தைக் கொண்டுவரவில்லை. விண்டோஸ் 7 வந்தபோதே அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கும் அதன் வழித்தோன்றலுக்கும் இயங்குதளத்தில் இடமில்லாமல் போய்விட்டதால், டிபிஎக்ஸ் கோப்புகளைப் புதிய கணினியில் நேரடியாகத் திறக்க முடியாது. அன்டிபிஎக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் அவற்றிலிருந்து ஒவ்வொரு மடலையும் தனி இஎம்எல் கோப்பாகப் பிரித்துத் தந்தது. அவற்றைத் தண்டர்பேர்டில் சேர்த்து, அங்கிருந்து வழங்கிக்கு நகலெடுத்தேன். இப்படிப்பட்ட பழைய கணினி உங்கள் வீட்டில் இருந்தால், வட்டு சுழலும் நிலையில் இருக்கும்போதே கோப்புகளை எடுத்துவிடுங்கள். படிப்பது பிறகு ஆகட்டும்.

எடுத்துவிட்டுத் திறந்தால் எல்லாமே மேற்கு ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாக இருந்தன. பழுதாகிவிட்டது என்று எண்ணி அழுதுவிட்டேன். பிறகுதான், யுனிகோடு பரவும் முன் தமிழ் மடல்கள் திஸ்கி போன்ற எட்டுபிட் குறியாக்கங்களில் எழுதப்பட்டன என்பதும், 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்துக்கொண்டதால் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை இப்படித் தெரிகின்றன என்பதும் விளங்கின. மடலில் எந்தப் பழுதும் இல்லை. வழங்கி எழுத்தை மாற்றுவதுமில்லை, திருத்துவதுமில்லை. கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறது. மூல மடல்களைத் தொடாமல் விட்டுவிட்டு, ஒவ்வொன்றின் உரையையும் எடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் என்னும் எழுத்து மாற்றும் மென்பொருளில் இட்டு யுனிகோடாக்கி, தனி ஆவணமாகச் சேமித்தேன். மொத்தம் 212 கடிதங்கள். முதலில் மாற்றிய கடிதத்தில், புதிதாக வாங்கிய தறிகளின் விலையையும், நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணையும் அப்பா தம்பிக்கு எழுதியிருந்தார். அவர் 2019இல் இறந்தார். அந்தக் கடிதங்களை வழங்கியில் 'அப்பா' என்ற கோப்புறையில் வைத்து, சித்தப்பாவுக்கு ஒரு தொகுப்பாக அச்சிட்டும் அனுப்பினேன்.

மடல்கள் வழங்கியில் இருப்பதே காப்பு நகல் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐமேப்பில் ஒரு கருவியில் நீக்கினால் எல்லாக் கருவிகளிலிருந்தும் நீங்கும். பணம் கட்ட மறந்தால் கணக்கே போகலாம். ஆகவே அலுவலகக் கணினியில் எல்லாக் கோப்புறைகளையும் முழுமையாக இறக்கிவைக்கும்படி அமைத்து, மாதத்தின் முதல் திங்களன்று மென்பொருளை மூடிவிட்டு வெளி வட்டுக்கு நகலெடுக்கிறேன். பழைய தண்டர்பேர்டு கோப்புகளை எதையும் நீக்காமல் ஓராண்டு வைத்திருந்தேன். கிடைக்காமல் போன மடல்களுக்காக வழங்கியில் '2021 விடுபட்டவை' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் ஆகியவற்றின் தேதிகளை வைத்து, எந்தப் பையருக்கு எந்த வாரத்தில் என்ன எழுதியிருப்போம் என்று கணித்து, அவர்களிடமுள்ள நகலை அனுப்பித்தரும்படி ஒவ்வொருவராக எழுதிக் கேட்டுவருகிறேன். இதுவரை 96 மடல்கள் அவ்வாறு திரும்ப வந்திருக்கின்றன.